நெல்வயலும் கப்பல் வாயுவும்

தஞ்சை ஜில்லா விவசாயி வயலில் நீரைத் தேக்குவதால் மீத்தேன் வாயு எழும்பிப் பூமியின் உஷ்ணத்தை ஏற்றுகிறதென்று நிபுணர்கள் சொல்லி வருகிறார்கள். அது பொய்யன்று, நீரைக் காயவிட்டுப் பாய்ச்சினால் குறையுமென்ற யோசனையும் தக்கதே. ஆனால் அதே மீத்தேன் கப்பலேறி எண்ணூரில் இறங்கும்போது மட்டும் 'சுத்தமான எரிபொருள்' என்று பட்டம் பெறுவது எந்த நியாயம்?

இந்தியன் ஆயில் கம்பெனியாரின் எண்ணூர் நிலையம் 2019-ல் வேலை தொடங்கியது. வருஷத்துக்கு 50 லட்சம் டன் இறக்கும் சக்தி அதற்குண்டு. அங்கிருந்து குழாய் வழியே மணலி உரத் தொழிற்சாலைக்குப் போகும் வாயு, யூரியா மூட்டையாகித் தமிழ்நாட்டு வயல்களுக்கு வருகிறது. ஆகவே இது டெல்டா ஜனங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமன்று.

வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற, பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 162 டிகிரி வரை அதைக் குளிரச் செய்யவேண்டும். அக்குளிரை உண்டாக்கவே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாயு செலவாகிவிடுகிறது. கடலில் ஒரு பகுதி ஆவியாகிறது. கப்பல்கள் பல அதையே எரித்து ஓடுகின்றன. கிணற்றிலும் குழாயிலும் கசிவது தனி. கசிந்த மீத்தேனோ, 20 வருஷ அளவில் கரியமில வாயுவைக் காட்டிலும் எண்பது மடங்குக்கு மேல் உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. இவையெல்லாவற்றையும் கூட்டினால் அமெரிக்கத் திரவ வாயு நிலக்கரியைவிட 33 சதவிகிதம் அதிகக் கேடு விளைப்பதாகக் கார்னெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் ஹோவர்த் 2024-ல் கணக்கிட்டார். அந்த அமெரிக்க வாயுவைத்தான் நமது கெயில் கம்பெனியார் 2018-ல் இறக்கத் தொடங்கினர். ஹோவர்த்தின் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. மறுக்கட்டும், மறுப்பதற்கும் கணக்கு வேண்டுமல்லவா?

2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில் மீத்தேனைக் குறைக்கும் பிரதிக்ஞையில் இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் ஏழைகளின் ஜீவனமென்று டில்லி சர்க்கார் காரணம் கூறினர். அதை நாம் முழுமனதுடன் ஆதரிக்கிறோம். ஆயினும் உழவனுக்குப் பிடித்த குடையின் நிழலில் வாயுக் கம்பெனிகளும் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தன் நாடுகளில் இறங்கும் வாயுவுக்குக் கசிவுக் கணக்குக் கேட்டு ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டமே இயற்றிற்று. நாம் கேட்கக் கூடாதா?

நம் மண்ணைப் புதிதாகத் துளைக்கலாகாதென்று போராடி 2020 பிப்ரவரியில் வேளாண் மண்டலச் சட்டம் பெற்றோம். பிறர் மண்ணைத் துளைத்து வருவதை வாய்மூடி வாங்குவது அப்போராட்டத்துக்கு ஒவ்வாது. இனிச் செய்யப்படும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், கிணறு முதல் எண்ணூர் வரை கசிந்ததும் எரிந்ததும் எவ்வளவென்பதை விற்பவர் எழுதித் தரும் ஷரத்து இருக்கவேண்டும். அது பகிரங்கமாக்கப்படவும் வேண்டும். டெல்டாவின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இக்கேள்வியை எழுப்புவார்களாக.