எந்த ஊர்க் கடை நல்ல கடை?

விடுதியில் வாழும் எங்களுக்குள் ஆண்டு முழுவதும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. படிப்பில் யார் முதல் என்பதைத் தேர்வு தீர்த்துவிடும். ஓட்டத்தில் யார் முதல் என்பதை விளையாட்டு விழா தீர்த்துவிடும். ஆனால் எந்த ஊர்க் கடைப் பண்டம் சிறந்தது என்ற வழக்கைத் தீர்த்து வைக்க இதுவரை எந்த நீதிபதியும் பிறக்கவில்லை. ஞாயிறு மாலையில், பார்க்க வந்த பெற்றோர் விடைபெற்றுப் போனபின், பெட்டிகள் திறக்கப்படும். பெட்டியோடு வழக்கும் திறந்துவிடும்.

கோவைக் கட்சியார் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். ஆகையால் குரலிலும் மிகுந்தவர்கள். அன்னபூர்ணாவின் சாம்பார் வடையில் தொடங்குவார்கள். சிறுவாணித் தண்ணீரின் பெருமையைப் பாடுவார்கள். தெருவோரக் காளானில் முடிப்பார்கள். அந்தக் காளானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முட்டைக்கோசை நறுக்கி, மாவில் பிசைந்து பொரித்து, பெரிய கல்லில் மசாலாவோடு கொத்திக் கிளறி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருகிறார்கள். அதில் காளான் எங்கே என்று தேடுவது மாலை நேரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. இருந்தாலும் சுவைக்குக் குறைவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம்.

ஈரோட்டார் ஆற்றைக் கடந்து பேசுவார்கள். காவிரிப் பாலத்துக்கு அக்கரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய கோழிக்கறியில் மசாலாப் பொடிகளின் ஆரவாரம் கிடையாது. விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கோழி: இவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப்புறத்துப் பெருமையை இந்தப்புறத்தார் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று நாமக்கல் தோழி கேட்பாள். அதற்கு ஈரோட்டார் இன்றுவரை மறுமொழி சொன்னதில்லை. மஞ்சள் சந்தையின் புகழுக்குத் தாவிவிடுவார்கள். திருப்பூரார் பேக்கரியின் தேங்காய் பன்னையும், கோபியார் வெல்லப்பாகில் செய்த கச்சாயத்தையும் முன்வைப்பார்கள். கரூர்த் தோழி வாய் திறந்தால் ‘கரம்’தான். பொரி, நொறுக்கிய தட்டுவடை, துருவிய பீட்ரூட், சட்னி எல்லாம் கலந்து, அவித்த முட்டையையும் சேர்த்தால் அது முட்டைக் கரம்.

சேலத்தாள் ஒருத்தி மட்டும் தனியாளாக நின்று தட்டுவடை செட்டுக்காக வாதாடுவாள். இரண்டு சிறு தட்டுவடைகள். இடையில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம். அதை முழுதாக வாயில் போடவேண்டும். கடித்துத் தின்பவர் சேலத்தையே அறியாதவர் என்பாள். கோவையார் விடுவார்களா? “உங்கள் சட்னியை அரைக்கும் கிரைண்டரே 1955இல் எங்கள் ஊர் பி. சபாபதி உருவாக்கியதுதானே!” என்று அடித்துப் பேசுவார்கள். அப்போதும் அவள் சளைக்கமாட்டாள். ஆனால், “உங்கள் ஊரில் எந்தக் கடை நல்ல கடை? பெயரைச் சொல்” என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்நிலையில் விடுதி நாள் வந்தது. அன்று மாலைச் சிற்றுண்டி என்ன என்று முடிவு செய்யும் பொறுப்பை மேல்வகுப்பினரான எங்களிடம் சகோதரி ஒப்படைத்தார். ஊர் வழக்கு ஒரு நொடியில் மறைந்தது. பீட்சா என்று ஒருமுகமாகக் கை உயர்ந்தது. எந்த ஊராருக்கும் மனத்தாங்கல் இராது, எல்லோருக்கும் பொது என்று காரணமும் சொன்னோம். “ஏன், அவரவர் ஊர்ப் பண்டத்தை வரவழைக்கலாமே” என்று கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தி மெல்லக் கேட்டாள். “விடுதி நாளன்று தள்ளுவண்டிப் பண்டத்தையா தின்பது?” என்று ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அந்தக் குரல் யாருடையது என்பதை மறைப்பானேன்? அது இக்கட்டுரையை எழுதும் எங்களுடையதே.

இரண்டு வாரம் கழித்து வினாடி வினாப் போட்டி ஒன்றுக்காக ஆசிரியையுடன் சேலம் சென்றோம். சேலத்தாளும் எங்கள் குழுவில் இருந்தாள். போட்டி முடிந்ததும், செட் வாங்கித் தா என்று அவளைப் பிடித்துக்கொண்டோம். பெரிய வீதியில் விளக்குகள் மின்னும் கடை ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றாள். போகும் வழியில் ஒரு திருப்பத்தில் தள்ளுவண்டி ஒன்று நின்றது. ஓர் அம்மா பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தார். எங்கள் சீருடையைக் கண்டதும் நிமிர்ந்தவர், உடனே குனிந்து துருவலைத் தொடர்ந்தார். சேலத்தாளும் தலையைக் குனிந்தபடி வண்டியைக் கடந்துவிட்டாள். இருபது அடி நடந்திருப்போம். நின்றாள். திரும்பி நடந்து, வண்டிக்கு அந்தப்புறம் போய், “அம்மா, இவங்கெல்லாம் எங்க ஹாஸ்டல் பிள்ளைங்க. டீச்சரும் வந்திருக்காங்க” என்றாள்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சர். வாங்க கண்ணு. செட்டா, நொறுக்கலா?” என்று மட்டும் கேட்டார். மகள் முகத்தைக் காப்பாற்றத்தான் முதலில் குனிந்துகொண்டார் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஆளுக்கு இரண்டு செட் தின்றோம். காசு வாங்க மறுத்தவரிடம் ஆசிரியை வற்புறுத்திக் கொடுத்தார்.

அன்றிரவு பேருந்தில் அவள் நிறையப் பேசினாள். அம்மா தட்டுவடையை வெளியில் வாங்குவதில்லை. அரிசி மாவும் உளுந்து மாவும் பிசைந்து, ஊறவைத்த கடலைப்பருப்பைச் சேர்த்து, எண்ணெய் தடவிய தாளில் ஒவ்வொன்றாகத் தட்டுவார். முள்கரண்டியால் குத்தியபின்தான் எண்ணெயில் போடுவார். குத்தாவிட்டால் பூரிபோல் உப்பிவிடும், உப்பினால் மேலே எதுவும் நிற்காது. தீ மிஞ்சினால் வெளியே சிவந்து உள்ளே பதமாக இருந்துவிடும். அது மறுநாளே நமத்துப் போகும். அவளும் விடுமுறையில் தட்டுவாளாம். மாலை நான்கரைக்கு வண்டி வெளியே வந்தால் திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். அவளுடைய விடுதிக் கட்டணமும், தம்பியின் பள்ளிக் கட்டணமும் அந்த வண்டியில்தான் வருகின்றன. விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியவள் அவளே.

அவளுக்கு அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் யார்? பாடநூல் அல்ல, சகோதரிகளும் அல்ல. நாங்கள்தாம். எங்கள் கருத்தை இவ்வளவு நேரம் சொல்லாமல் கதை சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் கருத்து இதுதான்: பீட்சாவை விரும்புவதில் ஒரு தவறும் இல்லை, ஆனால் ஊர்ப் பண்டத்தைப் படுக்கையறையில் புகழ்ந்துவிட்டு, விழா என்று வந்தால் அதை மேடைக்கு ஆகாதது என்று தள்ளுகிறோமே, அது தவறு. பண்டத்தைத் தள்ளும்போது அதைச் செய்த கையையும் தள்ளுகிறோம். அந்தக் கை எங்கள் பக்கத்துப் படுக்கைக்காரியின் தாயுடைய கையாக இருக்கக்கூடும் என்பதை நாங்கள் நினைக்கவில்லை.

பீட்சாவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் எங்கள் சிரிப்பு இன்னும் பேதைமையாகத் தெரிகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் அது ஏழைகளின் தெருப் பண்டம். வீட்டில் அடுப்பு மூட்ட வசதியற்ற உழைப்பாளிகள், கூவி விற்பவரிடம் துண்டு துண்டாக வாங்கி நின்றபடியே தின்றார்கள். வெளியூர்க் கனவான்கள் அதைக் கண்டு முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1889இல் அந்நாட்டு அரசி மார்கரீத்தா அதை விரும்பி உண்டதாகவும், அவர் பெயரே ஒரு வகைக்கு வைக்கப்பட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு அது அமெரிக்கா சென்றது. நியூயார்க்கில் மெல்லியதாகவும், சிகாகோவில் ஆழமான தட்டில் சுட்ட கனத்த பண்டமாகவும் ஊருக்கேற்ப உருமாறியது. எது நல்ல பீட்சா என்று அந்த ஊரார்கள் இன்றும் எங்களைப்போலவே சண்டையிடுகிறார்கள் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் பீட்சாக் கைவினையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது பண்டமன்று. மாவை விரித்துச் சுழற்றி அடுப்பிலிடும் தொழிலாளியின் கைத்திறன். இந்தியாவுக்கு அது பெருங்கடைகளாக வந்தது 1996இல்தான். டில்லியிலும் பெங்களூரிலும் அவ்வாண்டில் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் கடை திறந்தன. ஏழையின் தெருப் பண்டமாகப் பிறந்து, குளிரூட்டிய அறைக்குள் வந்து அமர்ந்தபின் அதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். தட்டையான அடி, மேலே காய்கறியும் சாந்தும் என்று பார்த்தால், தட்டுவடை செட்டும் அதற்கு ஒன்றுவிட்ட தங்கைதானே!

இனி மறுப்புகள். இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த விடுதிச் சகோதரி, “தண்ணீர் எப்படி? எண்ணெய் எப்படி? வயிற்றுவலி என்று வந்தால் இரவில் விழித்திருப்பவள் நான்தானே” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எல்லாத் தெருக்கடையும் தூய்மையானது என்று நாங்கள் சொல்லவில்லை. கறுத்த எண்ணெயும் கலங்கிய வாளித் தண்ணீரும் நாங்களும் கண்டவையே. ஆனால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவண்டிக்கும் பொருந்தும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 முதல் வரம்பும் இருக்கிறது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் கவனிப்பார். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனால் யார் கேட்பது?

இரண்டாவது மறுப்பு எங்களிடமிருந்தே வந்தது, அதுவே கனமானது. பீட்சாக் கடையில் நாற்காலி இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கை கழுவக் குழாய் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முறைத்துப் பார்ப்பவர் இல்லை. தள்ளுவண்டியருகே அண்ணன்மார் நின்று தின்றால் அது பசி. நாங்கள் நின்று தின்றால் அது அடக்கமின்மை! மாலை ஆறுமணிக்குமேல் வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெண்ணைக் காண்பது அரிது. ஆனால் வண்டிக்குப் பின்னால் அடுப்படியில் நிற்பது பெரும்பாலும் பெண். விற்கலாம், வாங்கக்கூடாது என்பது என்ன வழக்கம்? நாங்கள் பீட்சாவுக்குக் கை உயர்த்தியதில் பாதி அந்த நாற்காலிக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகையால் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். வாரம் ஒருமுறை கடைவீதிக்குப் போகும் அப்பாமார் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்; எங்களையும் அழைத்துச் சென்று வண்டியருகே நிறுத்துங்கள். நொறுக்கல் பொட்டலத்தில் ஊறினால் அது நொறுக்கலே அல்ல. நகராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. தெரு வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு சட்டம் வந்தது. விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் என்று அது சொல்கிறது. ஒரு குழாய், ஒரு விளக்கு, நான்கு பேர் உட்காரும் ஒரு பலகை கேட்க அந்தக் குழுவைவிட நல்ல இடம் ஏது? சேலத்தாளின் தாய்க்கு இப்படி ஒரு குழு உண்டு என்பதே தெரியாது. சட்டப் பிரிவை அவருக்கு எழுதி அனுப்பியவள் கரூர்க்காரி, வழக்கில் எதிர்க்கட்சி!

விடுதி நாளில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லிச் சகோதரியிடம் கேட்டோம். முதலில் சிரித்தவர்கள் நாங்கள் என்பதால் முதலில் பேசவேண்டியவர்களும் நாங்களே ஆனோம். அது எளிதாக இல்லை. சேலத்தாளின் அனுமதியைப் பெற்றே பேசினோம். பீட்சாவுக்கு மறுபடியும் பதினொரு கைகள் எழுந்தன. அவர்களைக் குறை சொல்லமாட்டோம். மற்றக் கைகள் செட்டுக்கு.

அந்த அம்மா முந்தின இரவே தகர டின்களுடன் பேருந்தில் வந்து சேர்ந்தார். சமையலறையில் சகோதரி தாமே எண்ணெயை முகர்ந்து பார்த்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் சட்னி அரைக்க வேண்டும் என்று விதித்தார். “அப்படித்தானுங்க சிஸ்டர் நானும் செய்யறது” என்றார் அம்மா. மாலையில் முற்றத்தில் மேசை போட்டு, தாயும் மகளும் நின்று அடுக்கிக் கொடுத்தார்கள். சகோதரி முதலில் பாதி கடித்தார். சட்னி அங்கியில் சிந்தியது. “முழுசாப் போடணுங்க சிஸ்டர்” என்று சேலத்தாள் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினாள். இரண்டாவதை அவர் முழுதாகவே போட்டார். ஒரு நிமிடம் பேச முடியவில்லை. ஏழுமணிக்குள் டின்கள் காலி. பீட்சாவுக்குக் கை தூக்கிய பதினொருவரில் மூவர் நான்காவது செட்டுக்கு வரிசையில் நின்றதைக் கண்ணால் கண்டோம்.

வழக்கு மட்டும் தீரவில்லை. அடுத்த ஆண்டு தங்கள் முறை என்று காளான் கட்சியார் இப்போதே முட்டைக்கோசுக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.