அது கைராசி இல்லீங்க, ஸ்டீராய்டு

கொஞ்சம் நீளமான த்ரெட். மூட்டுவலிக்குப் பேர் தெரியாத மாத்திரையைப் பேப்பர்ல மடிச்சு வாங்கிட்டு வர்றவங்க உங்க வீட்டுல இருந்தா அவசியம் படிங்க.

கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல நாள்பூரா குனிஞ்சு பருத்தி எடுக்குறவங்க, தீப்பெட்டி ஆபீஸ்ல உட்கார்ந்தே வேலை பார்க்குறவங்க, இவங்களுக்கு முதுகுவலியும் முழங்கால் வலியும் புதுசில்ல. பொட்டல மாத்திரை போட்டா மறுநாளே வலி பறந்துடும். "கைராசிக்காரர்"னு ஊரே சொல்லும். ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள அடிக்கடி ஒளிஞ்சிருக்கிறது டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு.

நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்ல. 2020ல ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகள் பலரைக் காப்பாத்தினதும் இதே டெக்ஸாமெத்தசோன்தான். என் கோபம் சீட்டு இல்லாம, பேர் சொல்லாம, மாசக்கணக்குல குடுக்குறவங்க மேல.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நீங்களும் கோபப்படுவீங்க. நம்ம டிஎன்ஏ, மில்லு நூல் மாதிரி, ஹிஸ்டோன்ங்கிற புரத உருளைகள் மேல சுத்தியிருக்கு. ஒரு புரதக் கூட்டம் வந்து சுத்தலைத் தளர்த்தினா அங்க இருக்கிற ஜீன் வேலை செய்யும். இன்னொரு கூட்டம் வந்து இறுக்கினா அடங்கும். ஸ்டீராய்டு செல்லுக்குள்ள போய் தன் ஏற்பியைப் பிடிக்கும். அந்த ஏற்பியும் ஒரு புரதம்தான். அது கருவுக்குள்ள போய் இந்தக் கூட்டங்களைக் கூப்பிடும். தனி ஆளா அதால ஒண்ணும் பண்ண முடியாது.

மூட்டுல, வீக்கத்தை உண்டாக்குற ஜீன்களை இறுக்குற கூட்டத்தைக் கூப்பிடுது. வலி போகுது. அதே ஏற்பி கல்லீரல்ல வேற கூட்டாளிகளோட சேர்ந்து சர்க்கரை தயாரிக்கிற ஜீன்களைத் திறந்து விடுது. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரியில, அட்ரினல் சுரப்பியை எழுப்புற ஹார்மோனோட ஜீனை அடக்குது. அட்ரினல் தூங்கிப் போய் சுருங்குது.

அதனால "லேசா பக்கவிளைவு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பக்கமும் இல்ல, ஓரமும் இல்ல. வலியைக் குறைச்ச அதே ஏற்பி செஞ்ச வேலை அது. "உடம்பு பூசினாப்புல ஆயிட்டு"ன்னு சந்தோஷப்படுற அம்மாவுக்கு முகம் உருண்டு, வயிறு பெருத்து, தொடை மட்டும் மெலிஞ்சிருக்கும். சுகரும் ஏறியிருக்கும், எலும்பும் தேய்ஞ்சிருக்கும்.

இதைப் படிச்சுட்டு நாளைக்கே மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க! தூங்குற அட்ரினல் உடனே எழுந்திருக்காது. பிரஷர் இறங்கி, வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. படிப்படியாத்தான் குறைக்கணும். பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு அந்தப் பொட்டலத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.