நள்ளிரவில் யார் இறங்கிப் போவார்?



கடந்த நவம்பர் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி ஆராதனை முடிந்தவுடன் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாய் கைப்பேசியை நீட்டியபடி என்னிடம் வந்தார். அவருடைய மகள் ஸ்பெயின் தேசத்தில், சலமன்கா நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். மகள் கடைசியாக வாட்ஸ்அப்பைப் பார்த்த நேரம் நம் கடிகாரத்தில் காலை 8.40. அங்கே அது அதிகாலை 4.10. "பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறேன் என்றுதானே, ஐயா, என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்று சொல்லி அழுதார். பின்னர் நடந்ததை எழுதத் தாயும் மகளும் சம்மதித்திருக்கிறார்கள். நம்மில் பலருடைய பிள்ளைகள் தூர தேசங்களில் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரின் இரவை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கிரீனிச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்குப் பகுதி வழியாகச் செல்கிறது. ஆயினும் 1940-ஆம் ஆண்டு பிராங்கோவின் ஆட்சி கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, மத்திய ஐரோப்பிய நேரத்தோடு இணைத்துவிட்டது. இன்றளவும் அந்நேரமே நீடிக்கிறது. ஜூன் மாதத்தில் சலமன்காவில் சூரியன் மறையும்போது இரவு பத்து மணி நெருங்கிவிடும். அங்கே மதிய உணவு இரண்டு, மூன்று மணிக்கு. இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்கு. பிளாசா மயோர் என்னும் பெரிய சதுக்கத்தில் அந்நேரத்தில் தாத்தா பாட்டிமாரும் உலாவுவார்கள், சிறு குழந்தைகளும் ஓடி விளையாடுவார்கள். நமக்கு ஊரடங்கும் வேளை, அவர்களுக்குக் குடும்பம் வெளியே வரும் வேளை. ஆகவே, ஒரு பிள்ளை பத்து மணிக்கு வெளியே இருந்தாள் என்பதனாலேயே அவள் வழிதவறிவிட்டாள் என்று தீர்ப்பிடுவது நியாயமன்று.

சலமன்கா பல்கலைக்கழகம் 1218-ஆம் ஆண்டு தொடங்கியது. அந்நகரம் மாணவர்களின் நகரம். வார இறுதியில் அவர்கள் சதுக்கத்துக் கடிகாரத்தின் கீழ் கூடுகிறார்கள். சிற்றுண்டிக் கடைகளில் சிறு தட்டுகளைப் பகிர்ந்து உண்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின்னரே நடன விடுதிகள் நிரம்பத் தொடங்கும். சிலர் விடியும்போதுதான் அறை திரும்புவார்கள். இவற்றோடு 'பொத்தெயோன்' என்றொரு வழக்கமும் உண்டு. விடுதிகளில் மதுவின் விலை அதிகம் என்பதால், இளைஞர்கள் கடையில் புட்டிகளை வாங்கிக்கொண்டு பூங்காவிலும் தெருவிலும் கூட்டமாக அமர்ந்து குடிப்பார்கள். மாட்ரிட் 2002-லேயே தெருவில் குடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் அவ்வழக்கம் ஒழியவில்லை. அதன் ஆபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். குளிர் இரவில், அளவறியாமல் குடித்துத் தனித்து விடப்படும் ஒருவர் உயிரையே இழக்கக்கூடும்.

அன்று மாலை, தாயின் முன்னிலையில் அந்த மகளோடு பேசினேன். தயங்கித் தயங்கி அவள் சொன்னது இது. முந்தின இரவு வகுப்புத் தோழர்களோடு பூங்காவுக்குச் சென்றிருக்கிறாள். வேறொரு தேசத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி மிகுதியாகக் குடித்து பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். கொஞ்சம் தூங்கினால் தெளிந்துவிடுவாள் என்று சொல்லி மற்றவர்கள் நடன விடுதிக்குப் புறப்பட்டார்கள். நம் மகள் போகவில்லை. தோழியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் மேலங்கியைப் போர்த்தி, 112 என்ற அவசர எண்ணை அழைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில் இடத்தைச் சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து தோழியின் அறைத்தோழிக்குச் செய்தி அனுப்பிய நேரம்தான் அந்த 4.10.

இப்போது என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். பூங்காவில் மது இருந்தது என்று அவள் சொல்லத் தொடங்கியவுடனே நான் இடைமறித்துக் கேட்டேன்: "நீ குடித்தாயா?" இல்லை என்றாள். அந்தத் தோழி பிழைத்தாளா என்று கேட்டது அவளுடைய தாய், நான் அல்ல. பிழைத்தாள். ஆனால் முப்பது ஆண்டுகள் மேய்ப்பனாக இருந்தவனுக்கு அக்கேள்வி முதலில் வரவில்லையே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

"இதை ஏன் அம்மாவிடம் மறைத்தாய்?" என்று கேட்டேன். "எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே, ஐயா. வெளிநாட்டு இரவுகளைப் பற்றி நீங்கள் செய்த பிரசங்கத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?" என்றாள். தான் செய்த நற்கிரியையை ஒரு குற்றத்தைப்போல ஒளித்து வைக்கும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவர்கள் நாம். அவள் பொய் சொன்னது தவறுதான்; அதை அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் உண்மைக்கு இடமில்லாத வீட்டில் பொய் எளிதாகக் குடியேறும்.

துரோவா பட்டணத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் மேலே நின்றுகொண்டு, பிரசங்கத்தின்போது ஏன் தூங்கினாய் என்று கடிந்துகொண்டதாக வேதத்தில் இல்லை. பேச்சை நிறுத்தினார், இறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார். பூங்காவில் நம் மகள் செய்ததும் அதுவே. மற்றவர்கள் கடந்து போனபோது அவள் தங்கினாள். நானோ மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பெற்றோரே, மதுவைக் குறித்து எச்சரியுங்கள். அதில் தளர்வு வேண்டாம். அந்த மகளும் கடைகளில் 'மொஸ்தோ' என்னும் திராட்சைச் சாற்றையே கேட்டு வாங்குகிறாள், யாரும் பரிகசிப்பதில்லை என்கிறாள். ஆனால் எச்சரிப்போடு உங்கள் கேள்வி முடிந்துவிடக் கூடாது. "வெளியே போனாயா?" என்று மட்டும் கேட்டால், "இல்லை" என்ற பதிலைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். "யாரோடு திரும்பினாய்? உங்களில் யாராவது தனியே விடப்பட்டார்களா? எந்த நேரமானாலும் என்னை அழைப்பாயா?" என்று கேளுங்கள். அப்படி அழைக்கும்போது, முதல் ஐந்து நிமிடம் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். நானும் அப்படியே செய்யத் தீர்மானித்திருக்கிறேன்.

பவுலுக்கும் ஸ்பானியா தேசத்துக்குப் போக விருப்பம் இருந்தது. ரோமாபுரியின் சபையார் தன்னை அங்கே வழிவிட்டனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தே அவர்களுக்கு எழுதினார். நாமும் நம் பிள்ளைகளுக்காக ஜெபித்து, மாலை போட்டு, விமான நிலையம் வரை சென்று வழியனுப்பினோம். அத்தோடு நம் பணி முடிந்தது என்று எண்ணிவிட்டோம். நாம் ஆராதனையில் பாடத் தொடங்கும் வேளையில் அங்கே விடியற்காலை நான்கு மணி; யாரோ ஒருவர் குளிரில் வீடு திரும்பிக்கொண்டிருப்பார். இந்த வாரம் முதல் அந்தப் பாட்டுக்கு முன்பு, தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்போம். விழுந்தவர் அருகே இறங்கிச் செல்லும் இருதயத்தைக் கர்த்தர் அவர்களுக்கும் நமக்கும் தருவாராக. ஆமென்.