ஒரு நாவலும் அதன்மேல் எழுந்த வழக்குகளும்

தீய நூல்களைப் பூட்டி வைத்துவிட்டால் இளைஞர் உள்ளம் தூய்மை பெறும் என்று கருதுவார் எந்நாட்டிலும் உளர். அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தற்கு, அமெரிக்க ஆசிரியர் மார்க் டுவைன் இயற்றிய ‘ஹக்கிள்பெரி பின்’ என்னும் நாவலினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

கதையைச் சுருங்கக் கூறுவோம். அடிமை முறை நிலவிய மிஸௌரி மாகாணத்தில், குடிகாரத் தந்தையின் கொடுமைக்குத் தப்பி ஓடுகிறான் ஹக் என்னும் சிறுவன். ஜிம் என்னும் கறுப்பின அடிமையும் ஓடி வந்தவனே. இருவரும் தெப்பத்தில் ஏறி மிஸிஸிப்பி ஆற்றின் வழியே செல்கின்றனர். ஓடிய அடிமைக்கு உதவுதல் பாவம் என்றே ஊரார் ஹக்குக்குப் போதித்திருந்தனர். அவனும் அஞ்சி ஜிம்மின் எஜமானிக்குக் கடிதம் எழுதுகிறான். பின்னர், நரகமே வாய்ப்பினும் வாய்க்க என்று துணிந்து அதனைக் கிழித்தெறிகிறான்.

இந்நூல் அமெரிக்காவில் 1885ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே கான்கர்ட் நகர நூல்நிலையம் அதனை விலக்கிற்று. 1905இல் புரூக்ளின் நூல்நிலையம் அதனைச் சிறுவர் பகுதியினின்றும் அகற்றிற்று. அவர்கள் கண்ட குற்றம் கொச்சை மொழியும் ஹக்கின் தீயொழுக்கமுமே. மனிதரை ஆடுமாடுபோல் விற்ற கொடுமையோ, கறுப்பினத்தாரைக் குறித்து இருநூறு முறைக்கு மேல் வரும் இழிசொல்லோ அவர்கள் குற்றச்சாட்டில் இடம்பெறவில்லை.

பிற்காலத்து வழக்கு வேறு. 1957இல் நியூயார்க் நகரக் கல்விக் கழகம் தன் பாடநூற் பட்டியினின்றும் இந்நூலை நீக்கிற்று. அதன்பின், அவ்விழிசொல் வகுப்பறையில் தம் மக்கள் செவியில் விழுவதைப் பொறாத கறுப்பினப் பெற்றோர் பலர் முறையிட்டனர். இவ்விரு வழக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டுதல் நேர்மையன்று. முன்னது நாகரிகத்தின் முகச்சுளிப்பு. பின்னது புண்பட்டோர் குரல்.

2011இல் ஆலன் கிரிபென் என்னும் பேராசிரியர் அச்சொல்லை நீக்கி, ‘அடிமை’ என்று மாற்றிப் பதிப்பித்தார். அவர் நோக்கம் நன்றே. ஆயினும் அடிமை என்பது ஒருவனுக்கு நேர்ந்த நிலை. அவ்விழிசொல்லோ அவன் பிறப்பையே பழிப்பது. ஒஹையோவிலிருந்து வந்த சுதந்திரக் கறுப்பினத்தார் ஒருவர், கல்லூரிப் பேராசிரியராயிருந்தும், ஹக்கின் தந்தை வாயில் அச்சொல்லுக்குத் தப்பவில்லை. கல்வியும் விடுதலையும் பெற்றவரையும் தொடர்ந்த பகையை ‘அடிமை’ என்னும் சொல் எங்ஙனம் உணர்த்தும்?

இனி, ஹக்கின் துணிவைத் தனிமனிதச் சுதந்திரத்தின் சிகரம் எனப் போற்றுவார் பலர். நாமும் போற்றுகிறோம். ஆனால் அவன் கிழித்தது கடிதத்தை, சட்டத்தையன்று. ஜிம்முக்கு விடுதலை தந்தது இறந்த எஜமானியின் மரணசாஸனம். அமெரிக்க அடிமை முறையை ஒழித்தனவோ, நான்காண்டு உள்நாட்டுப் போரும் 1865இன் அரசியலமைப்புத் திருத்தமும் ஆம். ஒருவனுடைய நற்குணம் ஒரு நாட்டின் பழியைத் தீர்த்துவிடாது.

மேலும், தனிமனிதத் துணிவு ஹக்குக்கே உரியதன்று. எஜமானி தன்னை எண்ணூறு டாலருக்கு விற்க எண்ணுவதை ஒட்டுக்கேட்டு, உடனே ஓடிய ஜிம்முக்கும் அஃது உரியதே. காய்ச்சலால் செவிடான மகளை, அஃதறியாது அடித்துவிட்டதை நினைந்து கலங்குபவனும் அவனே. அத்தகையோன் இறுதி அத்தியாயங்களில் டாம் ஸாயரின் விளையாட்டுக்குப் பொம்மையாவது நூலின் மெய்யான குறை. அதனை மறைத்துப் புகழ்வோர் நூலுக்கு நண்பராகார்.

அக்குறைக்கு விடை பூட்டினின்றும் வரவில்லை. பெர்ஸிவல் எவரெட் என்னும் கறுப்பின ஆசிரியர் 2024இல் ‘ஜேம்ஸ்’ என்னும் நாவலில் அக்கதையை ஜிம்மின் வாய்மொழியாகவே அமைத்தார். 2025இல் அதற்குப் புலிட்ஸர் பரிசு கிட்டிற்று. பழைய நூல் பூட்டப்பட்டிருப்பின் இப்புதிய நூல் எதற்கு விடை பகர்ந்திருக்கும்?

ஆதலின், இந்நூலைப் பூட்டவும் வேண்டா, கழுவவும் வேண்டா. வரலாற்றை முன்னர் உணர்த்திப் பின்னர்ப் பாடம் தொடங்குதலும், அவ்விழிசொல்லை உரக்கப் படிக்குமாறு எம்மாணவரையும் வற்புறுத்தாமையும் ஆசிரியர் கடன். ஹக்கின் துணிவைக் கண்டு மகிழுங்கால், ஜிம்மின் துயரையும் செவிமடுத்தல் வாசகராகிய நம் கடன்.