தானமா, வரதட்சணையா?

1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகள் 36,640 என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு சொல்கிறது. அதில் பெண்களுக்கு நடந்தவை 6,945 மட்டுமே. ஆனால் உயிரோடிருக்கும்போதே உறுப்பைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கணவனுக்கு மனைவி கொடுக்கிறாள். மகனுக்குத் தாய் கொடுக்கிறாள். மனைவிக்குக் கணவன் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும், "சம்பாதிக்கிற உடம்பாச்சே" என்று குடும்பம் கூடிப் பேசுகிறது. போளூரில் நாற்று நடும் உடம்பும் ஜவ்வாது மலையில் சாமை குத்தும் உடம்பும் எதைச் சம்பாதிக்கவில்லை?

சட்டத்துக்கே இதில் சந்தேகம் உண்டு. கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள். யார் அந்த வேறொருவர்? மாமியாரா, மைத்துனரா?

சிறுநீரக நலத் தொண்டுக்குப் போகும் மாணவிகளே, முகாமில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். டயாலிசிஸுக்கு நிதி திரட்டுங்கள். ஆனால் கொடுத்தவளை மேடையேற்றி, "தாலியைக் காத்த தெய்வம்" என்று சால்வை போர்த்தாதீர்கள். அந்தச் சால்வை அடுத்த வீட்டுப் பெண்ணின் வாயை அடைக்கும். கொடுக்கவிருப்பவளோடு தனியாக உட்காருங்கள். அவள் "வேண்டாம்" என்றால் அந்தச் சொல் மருத்துவரிடம் போகட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம்.

மறுக்க வழியில்லாதவளிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்குத் தானம் என்ற பெயர் பொருந்தாது. அதுவும் வரதட்சணைதான்.