திடுக்கிடலும் திகிலும்

மர்மப் படம் எடுப்பவர்களில் பலருக்கு ஒரு மூட நம்பிக்கை உண்டு. படம் தொடங்கியதும் கொட்டகை அதிர வேண்டும்; மழை கொட்ட வேண்டும்; முகம் தெரியாத ஒருவன் முகம் தெரியாத இன்னொருவனைக் குத்த வேண்டும். ஏனென்று கேட்டால், "நம் ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார்கள். குத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்தச் சமாதானத்தைப் பொறுக்க முடியவில்லை.

திடுக்கிட வைப்பதும் ஒரு கலையா? காதருகே தப்பை அடித்தால் எருமையும் திடுக்கிடும். திகில் வேறு. ஆபத்து நமக்குத் தெரியவேண்டும். அதில் மாட்டிக்கொண்டவருக்குத் தெரியக் கூடாது. ஆர்ஸன் வெல்ஸ் 1958-இல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கத்தில் ஒரு காரில் வெடிகுண்டு வைக்கிறார்கள். ஓர் ஆணும் பெண்ணும் அதில் ஏறிப் போகிறார்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரே ஷாட். கார் எங்கே நின்றாலும் நமக்கு மூச்சு முட்டுகிறது. குண்டை நம்மிடம் மறைத்திருந்தால் முட்டியிருக்குமா?

அது வெளிநாட்டுச் சரக்கு என்பீர்கள். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' நம் சரக்குத்தானே? பாட்டே இல்லாத படம். எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் விழுந்து சாகிறார். கொன்றவரை மறைத்தார்கள், செத்தவரை மறைக்கவில்லை. அதனால், பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் நடமாடும்போது, சாகப்போகிற மனிதரையல்லவா பார்க்கிறோம்! வெடிச்சத்தம் ஒரு கணத்தில் அடங்கிவிட்டது; அந்த முகம் கடைசிவரை நம்மை விடவில்லை.

"அது அப்போது வசூலில் சோபிக்கவில்லையே?" என்பார்கள். மெய்தான். ஆனால் எழுபது வருஷம் கழித்தும் அதைப்பற்றித்தானே பேசுகிறோம்?

நம் ஜனங்களைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம். நான் பெருந்துறைக்காரன். எங்கள் கொங்கு நாட்டில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் மாளப்போவது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள் எங்கள் ஆத்தாமார்கள். முடிவு தெரிந்ததனால்தான் அண்ணன்மார் சிரிக்கும் இடத்திலும் அவர்களுக்கு நெஞ்சு அடைக்கும்.

இவர்களுக்கா விஷயம் புரியாது? படக்காரர்களே, முதல் காட்சியில் ஆளையும் காட்டுங்கள், ஆபத்தையும் காட்டுங்கள். நடுங்குகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.