கடற்கரையும் ஒரு களத்துமேடுதான்

போன காணும் பொங்கலுக்குச் சென்னையிலேருந்து என் மச்சான் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைங்க கடல் பார்க்கணும்னு அடம்பிடிச்சதால தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1620-ல் டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்ச கோட்டை, கடல் அரிச்சது போக மிச்சமிருக்கிற மாசிலாமணிநாதர் கோயில், நல்ல காத்து. குடும்பத்தோட உட்கார அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு அம்மா கருவாடு காயப்போட்டிருந்தாங்க. எங்க ஊருக்குக் கூடை எடுத்துக்கிட்டு வர்றவங்கதான். மச்சான் மூக்கைப் பொத்திக்கிட்டு, "இவ்வளவு நல்ல பீச்சை நாறடிச்சு வச்சிருக்காங்களே, இதையெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்கக் கூடாதா?" என்றார். அதுக்குள்ள அவரோட சின்னப் பையன் செருப்புக்காலோட கருவாட்டு மேலேயே ஏறி ஓடிட்டான்.

அந்த அம்மா திட்டலை. என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க களத்துல நெல்லு காயும்போது இப்படி ஏறுனா சும்மா இருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரலை. அன்னைக்கு எங்க களத்துல சம்பா நெல்லு காய்ஞ்சுக்கிட்டுதான் இருந்தது.

நீங்க பீச்னு சொல்ற இடம் அவங்களுக்குக் களத்துமேடு. வலை உலர்த்துறது, சிக்கு எடுக்கிறது, படகு ஏத்துறது எல்லாம் அங்கதான். 2004 டிசம்பர் 26-ல் அதே கடல் வீட்டையும் சொந்தத்தையும் கொண்டு போச்சு. அப்பவும் அந்தக் கரையை விட்டா அவங்களுக்குப் பிழைப்பு ஏது? நாலு மணி நேரம் வந்து போறவங்க, அங்கேயே பொழுது விடிஞ்சு பொழுது சாயுறவங்களைத் தள்ளிப் போகச் சொல்றது என்ன நியாயம்?

"நாங்க வர்றதாலதானே வியாபாரம் நடக்குது"ன்னு கேப்பீங்க. சுண்டலும் டீயும் விக்குது, உண்மைதான். ஆனா நீங்க உடைச்சுப் போட்ட பாட்டில், இருட்டுல வெறுங்காலோட படகு தள்ளுற ஆளோட காலைத்தானே கிழிக்கும்? பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. மணலைக் கிளறிப் பாருங்க, எத்தனை கிடக்குதுன்னு தெரியும். பொங்கல் சமயம் பங்குனி ஆமை ராத்திரியில கரையேறி முட்டையிடுற காலமும்கூட. கார் விளக்கைப் போட்டு, பாட்டையும் அலறவிட்டா அது மிரண்டு திரும்பிடாதா?

வராதீங்கன்னு சொல்லலை. கடல் எல்லாருக்கும் பொது. கொண்டு வந்த குப்பையைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க. வலையை மிதிக்காம சுத்திப் போங்க. முடிஞ்சா நூறு ரூபாய்க்குக் கருவாடு வாங்குங்க.

தப்பு என் மேலயும் இருக்கு. அன்னைக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காம வந்துட்டேன். அடுத்த வாரம் அந்த அம்மா கூடையோட வந்தப்பதான் கேட்டேன். "போகட்டும் அண்ணே"ன்னு சிரிச்சாங்க.

மச்சான், இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. அடுத்த பொங்கலுக்கும் வாங்க, கடலுக்குப் போவோம். செருப்பை மட்டும் கழட்டிக் கையில வச்சுக்குவோம்.